அப்பறம் என்ன ஆச்சு, டீச்சர்?

2020 பிப்ரவரியில் ஒரு சிறுமியின் கையிலிருந்து ஒரு புத்தகத்தை வாங்கி, என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அப்போது காரைக்குடியை ஒட்டிய ஒரு பெண்கள் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தேன். பள்ளியின் பெயர் இங்கே தேவையில்லை. அவள் எட்டாம் வகுப்பு. புத்தகம், யெஸ். பாலபாரதி எழுதிய 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. தெரிந்த பெரியவர் ஒருவர் தன்னிடம் நடந்துகொள்ளும் விதத்தை யாரிடமும் சொல்ல முடியாமல் ஒரு சிறுமி தவிக்கும் கதையில் மரப்பாச்சிப் பொம்மை ஒன்று பேசுகிறது. வெளியே சொல்லத் துணை நிற்கிறது. சிறுவர்களை வாசகர்களாக மனதில் வைத்தே எழுதப்பட்ட நாவல் அது.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் என் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய் பிள்ளைகளுக்குக் கொடுப்பேன். வீட்டுக்கும் எடுத்துப் போகலாம். அதற்கு முந்தைய வாரம் இந்தப் புத்தகத்தை எடுத்துப்போன வேறொரு பிள்ளையின் வீட்டில் யாரோ புரட்டிப் பார்த்திருக்கிறார்கள். தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். கோபப்படவில்லை. "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கும்மா? நல்ல கதையா கொடுங்களேன்" என்றார். அவ்வளவுதான். நான் "சரிங்க மேடம்" என்றேன். வகுப்புக்குப் போய்ப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். பின் வரிசையிலிருந்து அவள் எழுந்து வந்து கொடுத்தாள். பாதி வரைக்கும் படித்து ஒரு பக்கத்தின் மூலையை மடித்து வைத்திருந்தாள். மறுநாள் சத்துணவு வரிசைக்குப் பக்கத்தில் என்னிடம் வந்தாள்.

"அப்பறம் என்ன ஆச்சு, டீச்சர்? அந்தப் பொண்ணு சொல்லிருச்சா?"

"பரீட்சை முடியட்டும். தரேன்."

இது நடந்தபோது எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. குழந்தை இலக்கியத்தில் பகுதிநேர ஆய்வு செய்துகொண்டிருந்தேன். என்னைக் குத்துவது அதுதான். விவரம் தெரியாத ஆசிரியை செய்திருந்தால் மன்னித்துவிடலாம். நான் அந்த வாரமே, பெரியவர்கள் குழந்தைகளின் வாயை எப்படி மூடுகிறார்கள் என்று எட்டுப் பக்கம் எழுதியிருந்தேன்.

குழந்தை இலக்கியத்தை ஆராய்கிறேன் என்று சொன்னால் தமிழ்த்துறைகளில் ஒரு சிரிப்பு வரும். சங்க இலக்கியம் பார்க்கிறவர் முன்னால் நாம் பொம்மை வைத்து விளையாடுகிறவர்கள். 'நிலா நிலா ஓடி வா'வில் ஆராய என்ன இருக்கிறது என்று என்னிடமே ஒருவர் கேட்டார். பெண்கள் எழுத்தைப் பற்றி ஒரு காலத்தில் இதே குரலில்தான் கேட்டார்கள்: அடுப்படியில் ஆராய என்ன இருக்கிறது? இந்த ஒற்றுமை தற்செயல் அல்ல என்று 1987லேயே லிஸா பால் எழுதினார். பெண்ணியத் திறனாய்வு எதைக் கண்டுபிடித்ததோ அதுவே குழந்தை இலக்கியத்துக்கும் சாவி என்பது அவர் வாதம். பெண்ணும் குழந்தையும் வீட்டுக்குள் வைக்கப்பட்டவர்கள், இன்னொருவரால் பேசப்படுகிறவர்கள். நம் அரசியலமைப்பின் 15(3) பிரிவும் 'பெண்களும் குழந்தைகளும்' என்று இருவரையும் ஒரே மூச்சில்தான் சொல்கிறது. அமைச்சகமும் இருவருக்கும் சேர்த்து ஒன்றுதான். பாதுகாப்புக்காக என்றுதான் சேர்த்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டதும் பெண்களுக்குக் காது கொஞ்சம் விறைக்க வேண்டும். நமக்கு அது பழைய அனுபவம்.

ஜாக்குலின் ரோஸ் 1984இல் 'பீட்டர் பேன்' கதையை வைத்து ஒரு புத்தகம் எழுதினார். இந்தத் துறையில் இன்றும் சண்டை மூட்டும் புத்தகம் அது. குழந்தை இலக்கியம் என்பதே சாத்தியமில்லாத ஒன்று என்றார். எழுதுகிறவர் பெரியவர், அச்சிடுகிறவர் பெரியவர், காசு கொடுத்து வாங்குகிறவரும் பெரியவர். குழந்தை கடைசியில் வருகிறது, கையை நீட்டி வாங்கிக்கொள்கிறது. புத்தகத்துக்குள் இருக்கும் 'குழந்தை' பெரியவருக்கு வேண்டிய குழந்தை. சூதில்லாதது, கேள்வி கேட்டாலும் அழகாகக் கேட்பது, உடம்பில்லாதது. மரியா நிகோலயேவா இதை இன்னும் கறாராகச் சொன்னார். ஆண்-பெண் உறவே இயல்பு, மற்றதெல்லாம் விலகல் என்று சமூகம் வைத்திருக்கும் அளவுகோலைப் பால்புதுமைக் கோட்பாடு அடையாளம் காட்டியதல்லவா, அதுபோல, வளர்ந்தவரே அளவுகோல், குழந்தை அதிலிருந்து குறைந்தது என்ற எண்ணம் குழந்தை இலக்கியம் முழுக்க ஓடுகிறது என்றார். இதையெல்லாம் குறிப்பெடுத்து, அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். அலமாரியைப் பூட்டிய சாவியும் அதே கைப்பையில்தான் இருந்தது.

என் ஊர்ப் பக்கம் குழந்தை இலக்கியத்துக்குப் பேர்போனது. எங்களுக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922இல் இராயவரத்தில் பிறந்தவர். இன்றைய கணக்கில் அது புதுக்கோட்டை மாவட்டம், ஆனால் ஊர் செட்டிநாட்டு ஊர்தான். இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்குப் பாட்டு எழுதினார். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கினார். குழந்தை இலக்கியத்தைப் பல்கலைக்கழகத்தில் பாடமாக வைக்க வேண்டும் என்று கடைசிவரை மன்றாடியவர் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். 'கல்கண்டு' நடத்திய தமிழ்வாணன் தேவகோட்டைக்காரர். பால சாகித்ய புரஸ்கார் வாங்கியவர்களில் செல்லகணபதி, குழ. கதிரேசன், கிருங்கை சேதுபதி என்று எங்கள் வட்டாரத்துப் பெயர்களே அடுத்தடுத்து வரும். 2019இல் வள்ளியப்பாவின் மகள் தேவி நாச்சியப்பனுக்குக் கிடைத்தது.

அந்தப் பட்டியலை ஆய்வுக்காக ஒரு நாள் எழுதிப் பார்த்தேன். 2010 முதல் 2024 வரை தமிழுக்குப் பதினைந்து விருதுகள். பெண் பெயர் என்று முதல் பார்வையில் மூன்று தெரிந்தன. அதில் 2013இல் வாங்கிய 'ரேவதி' ஈ.எஸ். ஹரிஹரனின் புனைபெயர். மிச்சம் இரண்டு: தேவி நாச்சியப்பன், 2022இல் ஜி. மீனாட்சி. ஹரிஹரன் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. பெண் பெயரில் எழுதுவது ஒரு அழகான தமிழ்ப் பத்திரிகை மரபு. ஆனாலும் பட்டியலைப் பார்த்துக் கொஞ்ச நேரம் சிரித்தேன். தாலாட்டும், சோறூட்டுகிற கதையும், இருட்டில் பயம் போக்குகிற கதையும் யார் வாயிலிருந்து வந்தன என்று ஊருக்கே தெரியும். அச்சுக்கு வந்ததும் அந்த வாய்க்குச் சொந்தக்காரி காணாமல் போகிறாள், பெயர் மட்டும் சில சமயம் தங்கிவிடுகிறது.

ஔவை அப்படித் தங்கிய பெயர்களில் பெரியது. தமிழ்க் குழந்தைக்கு முதல் பாடம் ஒரு பெண் பெயரில் கிடைக்கிறது, உலகத்தில் எத்தனை மொழிக்கு இந்தப் பேறு உண்டு என்று மேடையில் பெருமைப்படுவோம். அந்தப் பெண் எப்படிப்பட்டவள் என்று கதை சொல்கிறது? கல்யாணம் வேண்டாம் என்று பிள்ளையாரிடம் அழுது, இளமையைக் கொடுத்துவிட்டு முதுமையை வாங்கிக்கொண்டவள். இளமையோடு இருந்திருந்தால் அவள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல விட்டிருக்க மாட்டார்கள். அவள் பெயரால் வழங்கும் ஆத்திசூடியிலேயே, பெண் பேச்சைக் கேட்காதே என்று பொருள் வரும் ஓர் அடி இருக்கிறது. உரை எழுதியவர்களுக்குச் சங்கடம். 'ஆராயாமல்' என்று ஒரு சொல்லை உள்ளே செருகி, மனைவி சொல்லை ஆராயாமல் கேட்காதே என்று மெழுகிவிடுவார்கள். அந்த அடியை நடத்தும்போது ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு பிள்ளை கேட்கும்: "டீச்சர், நீங்க சொல்றத கேக்கணுமா, வேணாமா?" நாற்பது பேரும் சிரிப்பார்கள். அதைவிட நல்ல உரை எனக்குக் கிடைக்கவில்லை.

அந்தக் கேள்வி எந்த ஆய்விலும் பதிவாகாது. இந்தத் துறையின் பெரிய சங்கடமே இதுதான். நூலை ஆராயலாம், நூலாசிரியரை ஆராயலாம், வாசித்த பிள்ளையை எங்கே போய்த் தேடுவது? காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் ரோஜா முத்தையா இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று தாளாக இருந்த எதையும் விடாமல் சேர்த்தார். 1992இல் அவர் இறந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. இன்று அது சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. தமிழச்சு வரலாறு பேசும் யாரும் அந்த மனிதருக்குக் கடன்பட்டவர்கள். ஆனால் எப்பேர்ப்பட்ட சேகரிப்பாளர் வந்தாலும், குழந்தைப் புத்தகத்தில் ஒரு விஷயம் நடந்துவிடுகிறது. பிள்ளைகள் ஆசையாகப் படித்த புத்தகம் மிஞ்சாது. அட்டை கிழியும், சோற்றுக் கறை படியும், தங்கச்சி மென்று துப்புவாள், கடைசியில் பழைய பேப்பர்க்காரருக்குப் போகும். நூற்றாண்டைத் தாண்டி நம் கைக்கு முழுசாக வந்து சேர்வது பெரும்பாலும் யாரும் அதிகம் தொடாத பிரதி. தொடாத பிரதிகளை வைத்துக்கொண்டு வாசிப்பின் வரலாற்றை எழுதுகிறோம்.

ஒரு மூலை மடிப்பு அந்தவகையில் அரிய ஆவணம். என்னிடம் ஒன்று இருக்கிறது.

அச்சுக்கு முந்தைய கதைகளில் பிள்ளை இருந்த இடம் வேறு. என் அப்பத்தா கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டில் முப்பது வருஷம் வேலை பார்த்தது. இரண்டாங்கட்டில் பாத்திரம் தேய்க்கும், அரைக்கும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும். சாயங்காலம் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிச் சோறு ஊட்டும். ராத்திரி வீட்டுக்கு வந்து எங்களுக்குச் சொல்லும். அதன் சட்டம் ஒன்றே ஒன்று: 'ம்' கொட்ட வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கேட்கிற பிள்ளை 'ம்' சொல்ல வேண்டும். 'ம்' நின்றால் கதை நிற்கும். தூங்கிவிட்டோமா, பயந்துவிட்டோமா, பிடிக்கவில்லையா என்று அப்பத்தா அந்த 'ம்'மின் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடும். பேய் வரும் இடத்தில் 'ம்' கொஞ்சம் மெலிந்தால், பேயைக் கிணற்றடியிலேயே நிறுத்திவிட்டு ஒரு முறுக்கு வியாபாரியை உள்ளே கொண்டுவரும். தெம்பாக 'ம்' வந்தால் பேய் வாசல்படி ஏறும். எந்த வயதுக்கு எந்தக் கதை என்ற பட்டியல் அப்பத்தாவிடம் இல்லை. பிள்ளையின் தொண்டைதான் பட்டியல்.

ரோஸ் சொல்லும் சாத்தியமின்மையை நான் முதலில் படித்தபோது அப்பத்தா நினைவுக்கு வரவில்லை. பிறகுதான் வந்தது. அச்சடித்த புத்தகத்தில் குழந்தை கடைசியில் வருவது உண்மை. ஆனால் எல்லாக் கதையும் அச்சடித்த புத்தகம் இல்லை. 'ம்' கொட்டுகிறவள் இல்லாமல் கதையே நடக்காத ஓர் ஏற்பாட்டை, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவி வைத்திருந்தது. மாரா கூபர் என்ற ஆய்வாளர் ரோஸோடு முரண்பட்டு, பெரியவரையும் குழந்தையையும் எதிரெதிர்க் கரையில் நிறுத்தாதீர்கள், இருவரும் ஒரு உறவுமுறைக்குள் இருப்பவர்கள், வித்தியாசம் அளவில்தான் என்கிறார். அவர் அப்பத்தாவைச் சந்தித்திருந்தால் இருவரும் ஒத்துப்போயிருப்பார்கள். அப்பத்தா அவரையும் 'ம்' கொட்ட வைத்திருக்கும்.

என் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அப்பத்தா 'தகவலாளி, பெண், வயது 81' என்று இருக்கிறது. அதை மாற்ற முயன்று தோற்றேன். அது வேறு கதை.

அப்பத்தா சொன்னவற்றில் சுவரிடம் பேசிய கிழவி கதையை இங்கே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் பல இடங்களில் வழங்கும் கதை. ஏ.கே. ராமானுஜன் 1991இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட இந்திய நாட்டுப்புறக் கதைத் தொகுப்பிலும் இதன் ஒரு வடிவம் தமிழிலிருந்து சேர்க்கப்பட்டிருக்கிறது. மகன்களும் மருமகள்களும் படுத்தும் பாட்டை யாரிடமும் சொல்ல முடியாத ஒரு விதவைத் தாய். சொல்லாத துக்கம் உள்ளே தங்கித் தங்கி உடம்பு பெருத்துக்கொண்டே போகிறது. அதற்கும் கேலி. ஒரு நாள் பாழடைந்த வீடு ஒன்றுக்குள் போகிறாள். ஒரு சுவரிடம் மூத்த மகன் செய்ததைச் சொல்கிறாள். பாரம் தாங்காமல் சுவர் இடிந்து விழுகிறது, அவள் உடம்பு கொஞ்சம் குறைகிறது. அடுத்த சுவர், அடுத்த துக்கம். நான்கு சுவரும் விழுந்தபின் லேசான உடம்போடு வீட்டுக்கு நடந்து போகிறாள்.

பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்பத்தா இதை ஏறக்குறைய இப்படித்தான் சொல்லியிருக்கிறது. எங்களுக்குச் சொன்னபோது கிழவி விதவைத் தாய் இல்லை, வேலைக்காரி. இடிந்தது பாழடைந்த வீடு இல்லை, அவள் வேலை பார்த்த வீடு. முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய, கை வைத்தால் வழுக்குகிற சுவர். முதல் கட்டுச் சுவர், இரண்டாங்கட்டுச் சுவர் என்று வரிசையாக விழும். நாங்கள் உற்சாகமாக 'ம்' கொட்டுவோம். ஒரு தடவை என் அக்கா, "அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏன் வேற மாதிரி சொன்ன?" என்று கேட்டது. அப்பத்தா வெற்றிலையை மென்றுகொண்டே, "அதுக்க வீடு, விழுந்துட்டா பாவம் எங்க போகும்?" என்றது.

தணிக்கை என்று என் ஆய்வுமொழியில் இதை எழுதலாம். நான் அப்படி எழுதவில்லை. அப்பத்தா அந்தப் பிள்ளைகளிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. துக்கம் சொல்லப்பட வேண்டும், சொன்னால்தான் உடம்பு லேசாகும், கேட்க ஆள் இல்லாவிட்டால் சுவராவது வேண்டும் என்பது இரண்டு வடிவத்திலும் அப்படியே இருந்தது. மாற்றியது அவர்கள் தலைமேல் கூரை விழுமே என்பதற்காக மட்டும். சம்பளம் போய்விடும் என்ற கணக்கும் இருந்திருக்கும், அதை மறைப்பானேன். ஆனாலும் கதையின் முதுகெலும்பை அது தொடவில்லை. நான் பூட்டியது முதுகெலும்பை.

தலைமையாசிரியைக்கும் நான் நியாயம் செய்ய வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. முப்பது வருஷத்தில் எத்தனையோ பெண் பிள்ளைகளைப் பன்னிரண்டாம் வகுப்பு தாண்ட வைத்தவர். வீடு வீடாகப் போய்க் கெஞ்சிப் பதினாறு வயதுக் கல்யாணத்தை நிறுத்தியவர். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்தப் பெரிய காரணம் வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் 'அந்த மாதிரி' புத்தகம் கொடுக்கிறார்களாம் என்ற ஒரு பேச்சு போதும். நாலு அப்பாக்கள் சேர்ந்து வந்து நின்றால் வெள்ளிக்கிழமை வாசிப்பு மட்டுமல்ல, எல்லாமே போகும். ஒரு புத்தகத்தைக் கொடுத்துப் பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றுகிறோம் என்று அவர் நினைத்தார். பெண்கள் காலங்காலமாகப் போட்டு வந்த கணக்கு இது. இதை விட்டுக் கொடுத்து அதை வாங்கு. இந்தக் கணக்கால்தான் நானும் படித்தேன். அதனால் அதைக் கேவலமாகப் பேச எனக்கு வாய் வராது.

ஆனால் அந்தக் கணக்கில் எதை விட்டுக் கொடுக்கிறோம் என்பதை முடிவு செய்தது யார்? அவர், நான், முகம் தெரியாத ஒரு அப்பா. பாதியில் நின்றவளை யாரும் கேட்கவில்லை. அவள் கேட்டதும்கூட எங்களுக்குக் கேட்கவில்லை. 'வயதுக்கு ஏற்றது' என்ற சொல்லை நான் அதற்கப்புறம் நிறைய யோசித்திருக்கிறேன். ஏழு வயதுக் குழந்தையிடம் எதையும் எப்படியும் சொல்லலாம் என்று நான் வாதாட மாட்டேன். பயம் உண்மையானது, தூக்கம் கெடும். ஆனால் ஒரு சிறுமிக்கு நடக்கக்கூடிய ஒன்று, நடக்கும் வயதுக்கு ஏற்றதா என்று யாரும் பார்ப்பதில்லை. அதைப் பற்றிப் படிப்பதற்கு மட்டும் வயது பார்க்கிறோம். போக்சோ சட்டம் 2012இல் வந்தது. பதினெட்டு வயதுக்குட்பட்ட எல்லாரையும் அது குழந்தை என்கிறது. சட்டத்துக்குத் தெரிந்த விஷயம் சட்டம் காக்கும் பிள்ளைக்குத் தெரியக் கூடாது என்றால், அங்கே காப்பாற்றப்படுவது பிள்ளையா, பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்ற நம் நிம்மதியா?

கள்ளமற்ற குழந்தை என்ற படிமத்துக்குக் கற்புள்ள பெண் என்ற படிமம் ஒன்றுவிட்ட சகோதரி. இரண்டும் அறியாமையைத்தான் குணமாக மெச்சுகின்றன. இரண்டிலும், தெரிந்துகொண்டவள் எதையோ இழந்தவளாகிறாள். கதையில் வரும் சிறுமிக்கு நேர்ந்ததைப் பற்றி அல்ல, அதைப் படித்த பிள்ளைக்கு 'என்ன ஆகுமோ' என்றுதான் அந்த வீட்டில் பதறியிருக்கிறார்கள். பெண்கள் நாவல் படித்தால் கெட்டுப்போவார்கள் என்று பதறியவர்களின் பேரன்கள். பேத்திகள் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள், நானும் அதில் அடக்கம்.

என் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் தற்காலிக ஆசிரியை. ஜூன் மாதம் மறுபடி எடுப்பார்களா என்று தெரியாது. வாதாடாததற்கு அது ஒரு காரணம். இன்னொன்று, தலைமையாசிரியை பேசும்போது நான் கொஞ்சம் வெட்கப்பட்டேன். என்ன வெட்கம் என்று இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருஷம் பெண்ணியம் படித்தும் அந்த விஷயத்தை அந்த அறையில் வாய்விட்டுச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "அது தொடுறத பத்தின கதை மேடம், பிள்ளைகளுக்குத் தெரியணும்" என்று ஒரே ஒரு வாக்கியம். மரப்பாச்சிக்கு இருந்த வாய் எனக்கு இல்லை.

பரீட்சை முடியட்டும் என்றேன். பரீட்சையே வரவில்லை. மார்ச் மாதம் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடினார்கள். எங்கள் பள்ளி வெளிச்சுவரில் குழந்தைகள் உதவி எண் 1098 என்று பெரிதாக எழுதியிருக்கும். மாதக்கணக்கில் அந்தச் சுவரைப் பார்க்க ஒரு பிள்ளையும் வரவில்லை. எல்லாரும் வீட்டுக்குள் இருந்தார்கள். வீடுதான் பாதுகாப்பு என்று டி.வி.யில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அவள் வீட்டில் போன் கிடையாது என்று வருகைப் பதிவேட்டில் இருந்தது. பக்கத்து வீட்டு எண் ஒன்று இருந்தது. இரண்டு தடவை கூப்பிட்டேன். எடுத்தவரிடம் என்ன கேட்பது? "நல்லாருக்காளா?" என்று கேட்டேன். "நல்லாருக்கு டீச்சர்" என்றார்கள்.

2021 பிப்ரவரியில் ஒன்பதாம் வகுப்பைத் திறந்தபோது அவள் வரவில்லை. குடும்பம் திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விட்டது, டி.சி. வாங்கிக்கொண்டார்கள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அவளுக்கு ஏதோ நடந்தது என்று நான் சொல்லவில்லை. நடந்திருக்காமலும் இருக்கலாம். ஒரு கதை பாதியில் நின்றால் எந்தப் பிள்ளையும் அப்புறம் என்ன என்று கேட்கும், அதற்கு வேறு காரணம் தேவையில்லை. அந்தப் பொண்ணு சொல்லிருச்சா என்று அவள் கேட்ட விதத்தை நான் எத்தனையோ தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். குரல் மெலிந்திருந்ததா, சாதாரணமாக இருந்ததா? அப்பத்தாவாக இருந்தால் கண்டுபிடித்திருக்கும். நான் அப்போது சத்துணவு வரிசையில் யாரோ தட்டைத் தட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாவலுக்கு 2020ஆம் ஆண்டுக்கான பால சாகித்ய புரஸ்கார் கிடைத்தது. தலைமையாசிரியையே பள்ளி நூலகத்துக்கு இரண்டு பிரதி வாங்கச் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஒரு புத்தகம் நல்ல கதையாக மாறுவதற்கு டில்லியிலிருந்து ஒரு தாள் போதுமாயிருந்தது. பிள்ளையின் 'ம்' போதவில்லை.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளில் மரப்பாச்சிகள் கிடைக்கும். இடித்த வீடுகளின் தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் தூக்குச் சட்டி இவற்றுக்கு நடுவில் செம்மரத்தில் செய்த ஆணும் பெண்ணும் நிற்கும். வாயிருக்கிற இடத்தில் ஒரு கீறல்தான் இருக்கும், பிள்ளைகள் கடித்துத் தேய்ந்துபோயிருக்கும். போன வருஷம் ஒன்று வாங்கினேன். ஜோடியைப் பிரித்துத் தர மாட்டேன் என்று கடைக்காரர் ரொம்ப நேரம் பிடிவாதம் பிடித்தார். பிறகு பெண்ணை மட்டும் தந்தார்.

இப்போது வேறு பள்ளியில் இருக்கிறேன். வகுப்பின் மூலையில் ஒரு அட்டைப்பெட்டியில் புத்தகங்கள் இருக்கின்றன. மரப்பாச்சி மேலே உட்கார்ந்திருக்கிறது. பூட்டு இல்லை, பதிவேடு இல்லை. யார் எதை எடுத்துப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. இந்த ஏற்பாட்டிலும் ஆபத்து உண்டு, ஒரு நாள் யாராவது கூப்பிட்டு அனுப்புவார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து, கண்ணாடி முன் சத்தமாகச் சொல்லியும் பார்த்திருக்கிறேன். இந்த நாவலில் மட்டும் இதுவரை மூன்று பிரதி வைத்தேன். முதலாவது அட்டை கிழிந்து திரும்பி வந்தது. இரண்டாவதில் யாரோ ஒரு பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு டிக் போட்டிருந்தார்கள். மூன்றாவது ஜூலையில் போனது, இன்னும் வரவில்லை. நான் கேட்கவில்லை.

மூலை மடித்த பிரதி மட்டும் வீட்டில் இருக்கிறது. மடிப்பை நான் நிமிர்த்தவில்லை.